உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு

1996இலிருந்து 2009 வரை, யாழ்ப்பாணத்தில் பொழுதுபட்ட பிறகு வாகனம் ஓட்டியவர்களின் கைகளுக்கு ஒரு வரிசை மனப்பாடமாக இருந்தது. தூரத்தில் இராணுவக் காவலரணின், அதாவது சென்றியின், மண்மூட்டை அடுக்குத் தெரிந்ததும் வேகத்தைக் குறைக்கவேண்டும். முன்விளக்கை அணைக்கவேண்டும். கூரையிலுள்ள உள்விளக்கைப் போடவேண்டும். பிறகு ஊர்ந்து போய் நிற்கவேண்டும். அச்சுவேலிச் சந்தியில் புறப்பட்டு இராச வீதியால் யாழ்ப்பாணம் போய்ச் சேருவதற்குள் இதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்யவேண்டியிருந்தது. வரிசை பிழைத்தால் என்ன நடக்கும் என்று பரிசோதித்துப் பார்க்க எவரும் விரும்பவில்லை.

இந்த விதியை வகுத்தவர்கள் ஒளியியல் படித்தவர்களோ இல்லையோ, அதற்குள் நல்ல ஒளியியல் இருந்தது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் முன்விளக்கு. சாதாரணக் காரின் முன்விளக்கு, கற்றை நேரே பாயும் திசையில், 10,000 கண்டெலாவுக்குக் குறையாத செறிவோடு ஒளியை வீசும். ஒளி பரவப் பரவ மெலியும்: தூரம் இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இந்தக் கணக்கின்படி 25 மீட்டருக்கு அப்பால் சென்றியில் நிற்பவரின் முகத்தில் 16 லக்ஸ் விழும். பூரணை நிலவு உச்சியில் நிற்கும்போதே தரைக்குக் கிடைப்பது கால் லக்ஸ் அளவுதான். ஆக, மணிக்கணக்காக இருட்டில் நின்று பழகிய கண்ணில் அறுபது நிலவுக்கு மேற்பட்ட வெளிச்சம் திடீரென்று பாய்கிறது, அதுவும் சின்னஞ்சிறு இரண்டு இடங்களிலிருந்து. அவருக்குத் தெரிவது இரண்டு வெள்ளைப் பந்துகள் மட்டும். பின்னால் இருப்பது வானா லொறியா, உள்ளே எத்தனை பேர், கையில் என்ன என்பதொன்றும் தெரியாது. அதனால்தான் முன்விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.

அடுத்தது உள்விளக்கு. பழைய கார்களின் கூரையில் இருந்தது 5 வாட் மின்குமிழ். அது ஏறத்தாழ 50 லூமன் ஒளி தரும். முக்கால் மீட்டர் கீழே இருக்கும் ஓட்டுநரின் முகத்தில் அது 7 லக்ஸ் அளவுக்கு விழும். நிலவில்லாத இரவில் நட்சத்திரங்கள் தரும் வெளிச்சமோ லக்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே காருக்குள் இருக்கும் முகம், வெளியே நிற்பவரின் முகத்தைவிட ஏழாயிரம் மடங்கு வெளிச்சத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூக்குத்தி வரை தெரியும்.

உள்ளே இருப்பவரின் நிலை வேறு. கண்ணாடியின் ஒவ்வொரு முகப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகப்பும் சேர்ந்தால் 8 வீதம். சரிந்து நிற்கும் முன்கண்ணாடியில் இது இன்னும் கூடும். 7 லக்ஸ் வெளிச்சத்தில் இருக்கும் தன் முகத்தின் 8 வீதம் ஓட்டுநருக்கே திரும்பி வருகிறது. வெளியே நிற்பவரின் முகமோ அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அவர் கண்ணாடியில் காண்பது தன்னைத்தான், துவக்கோடு நிற்பவரை அல்ல. பொலிஸ் விசாரணை அறைகளில் பொருத்தும் ஒருவழிக் கண்ணாடியும் இதே ஏற்பாடுதான். அந்தக் கண்ணாடிக்கு ஒரு பக்கச் சார்பு எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கத்தவர் காட்சிப்பொருள் ஆவார். பதின்மூன்று வருடங்கள் குடாநாட்டு மக்கள் வெளிச்சமான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நாட்களில் இந்த இரண்டு விளக்குகளும் ஓட்டுநரின் விரலுக்குக் கட்டுப்பட்டிருந்தன என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம். இன்று அச்சுவேலிச் சந்தையடியில் நிற்கும் கார்களில் பல அப்படி இல்லை.

இரண்டும் அணைந்த காலம்

சென்றிக் காலத்துக்கு முன்னர் வேறொரு விதி இருந்தது. யாரும் எழுதி ஒட்டாத விதி. 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டதும் குடாநாட்டை விட்டுப் பொது மின்சாரம் போய்விட்டது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டுத் திரிபோட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் எழுந்து மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அந்தத் தரக்குறைவான எரிபொருளையும் சகித்தன. இன்றைய எஞ்சின் என்றால் முதல் மைலிலேயே இடிக்கத் தொடங்கியிருக்கும்.

வானத்தில் இரைச்சல் கேட்டால் விளக்கு அணைந்தது. ஹெலி என்றாலும் பொம்மர் என்றாலும் முதலில் கை போவது விளக்குக்குத்தான். இது வெறும் பயமா, கணக்குள்ள பயமா?

ஒரு மெழுகுதிரியின் செறிவு ஏறத்தாழ 1 கண்டெலா. அதை 600 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால் வேகா நட்சத்திரத்தின் பிரகாசம் அதற்கு இருக்கும். வேகா, வானத்திலுள்ள மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் ஐந்தாவது. காரின் கூரையில் எரியும் 5 வாட் குமிழ் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அப்பாலிருந்து வேகா போலத் தெரியும். முன்விளக்கின் கற்றைக்குள் கண் இருந்துவிட்டால், காற்றிலுள்ள தூசியும் ஈரமும் குறுக்கிடாதவரை, அது வேகாவாகச் சுருங்குவதற்கு 60 கிலோமீட்டர் போகவேண்டும். அச்சுவேலிக்கும் பலாலி முகாமுக்கும் இடையில் இருப்பது சில கிலோமீட்டர்தான். குடாநாட்டில் குன்று என்று சொல்ல எதுவும் இல்லை. பனையும் வேலியும் விட்ட இடைவெளி எல்லாம் ஒளிக்குப் பாதை. மேலிருந்து பார்ப்பவருக்குக் கற்றை நேராகத் தெரியாவிட்டாலும், அது வெண்மையான முருகைக்கல் றோட்டில் விழுந்து சிதறும் வெளிச்சக் குளம் காருக்கு முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். கணக்குள்ள பயந்தான்.

ஆனால் விளக்கை அணைப்பது கண்ணிடமிருந்து மட்டுமே ஒளிக்கும். ராடர் தன் அலையைத் தானே அனுப்பித் தானே திரும்பப் பெறுகிறது. அதற்கு நம் விளக்கால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வெப்பக் கமெரா, சூடான எஞ்சினும் மனித உடலும் வீசும் அகச்சிவப்பைப் பார்க்கிறது. அகச்சிவப்புக்கு ஆளி கிடையாது. கிளாலிக் கடலேரியை இரவில் விளக்கில்லாமல் கடந்த படகுகளுக்கும் இருட்டு முழுக் காப்பாக இருக்கவில்லை. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அங்கே படகுகள்மேல் நடந்த தாக்குதலை வடபகுதியில் அறியாதவர் இல்லை.

விளக்கில்லாமல் ஓட்டுவதற்கு இன்னொரு விலையும் உண்டு. 1939 செப்டெம்பர் 1ஆம் திகதி பிரித்தானியா முழு நாட்டையும் இருட்டாக்கியது. முன்விளக்குகளுக்குக் கிடைகோட்டுக் கீற்றுகள் உள்ள உலோக முகமூடி மாட்டினார்கள். பம்பரிலும் நடைபாதை ஓரத்திலும் மரங்களின் அடியிலும் வெள்ளை பூசினார்கள். அந்த மாதத்தில் வீதி விபத்துச் சாவுகள் முந்தைய வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காயின. ஜேர்மன் குண்டுகள் லண்டனில் விழத் தொடங்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. எதிரி வருவதற்கு முன்பே இருட்டு ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது.

அமெரிக்க இராணுவம் இதற்கு ஒரு கெட்டிக்காரத் தீர்வு கண்டது. அந்தக் காலத்து ஜீப்புகளின் பின்புறத்தில் மங்கலான சிறு விளக்குகள் இருந்தன. இரண்டு சோடியாக நான்கு சிவப்புப் பொட்டுகள். பின்னால் வருபவர் 60 அடிக்குள் நெருங்கினால் நான்கும் தனித்தனியாகத் தெரியும். 60இலிருந்து 180 அடி வரை ஒவ்வொரு சோடியும் ஒன்றாகிவிட, இரண்டு தெரியும். அதற்கும் அப்பால் எல்லாம் சேர்ந்து ஒன்று. மங்கலில் கண் இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும் திறன் எங்கே முறிகிறது என்று கண்டு, அந்த முறிவையே அளவுகோலாக்கினார்கள். இரண்டு தெரிந்தால் சரியான தூரம். அளவுகோலை ஓட்டுநர் தன் கண்ணுக்குள்ளேயே கொண்டுதிரிந்தார். அந்த ஜீப்புகளின் விளக்கு ஆளிக்கு ஒரு பூட்டும் இருந்தது. இருட்டில் கை தவறி முன்விளக்கைப் போட்டுவிடக்கூடாது என்பதற்காக, பூட்டை அமுக்கினால்தான் ஆளி அடுத்த நிலைக்கு நகரும். ‘எரியாதே’ என்ற கட்டளையையும் ஒரு பொறியியல் தேவையாக எண்ணி வடிவமைத்த வாகனம் அது.

இருட்டாக்கும் கட்டாயம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. 2007இல் புலிகளின் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் கொழும்பு அதே பாடத்தைப் படித்தது. அவ்வருட ஏப்ரல் இறுதியில், இலங்கையும் அவுஸ்திரேலியாவும் மோதிய உலகக்கிண்ண இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நகரம் நள்ளிரவுக்குப் பிறகு இருண்டது. நகரத்துக்கு ஓர் ஆளி இருந்தது, நிறுத்தினார்கள். பற்றரியில் விளக்கு எரிக்கும் வாகனங்களுக்கு அப்படி ஒரு பொது ஆளி இல்லை.

கண் எடுத்துக்கொள்ளும் நேரம்

விளக்கை அணைத்த கணத்தில் இருட்டுத்தான் தெரியும், வீதி தெரியாது. கண்மணி விரிவது முதல் வேலை. 2 மில்லிமீட்டரிலிருந்து 7 மில்லிமீட்டர் வரை விரிந்தால் உள்ளே போகும் ஒளி பன்னிரண்டு மடங்காகும். அது சில விநாடிகளில் முடிந்துவிடும். பெரிய வேலை விழித்திரையில் நடக்கிறது. நிறம் காணும் கூம்புக் கலங்கள் பத்து நிமிடத்துக்குள் தங்கள் எல்லையை எட்டிவிடும். மங்கலில் பார்க்கும் கோல் கலங்கள் தமது நிறப்பொருளான ரொடொப்சினை மீண்டும் சேர்த்துமுடிக்க 30, 40 நிமிடம் ஆகும். ரொடொப்சின் செய்ய விற்றமின் ஏ வேண்டும். அது போதாமல்தான் மாலைக்கண் வருகிறது.

சேர்த்து முடித்த கண்ணின் கூர்மை நம்பமுடியாதது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் செலிக் ஹெக்டும் ஷ்லேயரும் பிரெனும் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து மிக மெல்லிய ஒளிக்கீற்றுகளைக் காட்டினார்கள். கோல் கலங்கள் உறிஞ்சிக்கொண்ட ஒளித்துகள் 5 முதல் 14 வரை இருந்தாலே ‘தெரிகிறது’ என்று சொல்லப் போதுமாயிருந்தது. அந்த ஆய்வு வெளியானது 1942இல். அதே வருட ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின.

அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததைக் குலைக்க ஒரு கதவு திறந்தால் போதும். கூரை விளக்கு எரியும், ரொடொப்சின் வெளுக்கும், அரைமணி நேரம் வீண். ஆனால் கோல் கலங்களுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அவை 500 நானோமீட்டர் அளவிலுள்ள நீலப்பச்சைக்கு நன்றாக எழும்பும். ஆழ்ந்த சிவப்பை அனேகமாகக் கவனிப்பதேயில்லை. இந்த ஓட்டையைப் பயன்படுத்தித்தான், புறப்படக் காத்திருக்கும் விமானிகள் வெளிச்சமான அறையில் இருந்தபடியே கண்ணை இருட்டுக்குப் பழக்கலாம் என்று சிவப்புக் கண்ணாடியை வோல்ட்டர் மைல்ஸ் முன்வைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சமாச்சாரம் இதுவும்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். வேலியோரத்துச் செவ்வரத்தம்பூவை மாலை ஐந்து மணிக்குப் பாருங்கள்: இலையைவிடப் பூ பளிச்சென்றிருக்கும். ஆறேமுக்காலுக்குப் பாருங்கள்: பூ கறுத்துவிடும், இலை மங்கலாகவாவது தெரியும். பொஹீமிய நாட்டு உடலியலாளர் புர்க்கினி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வலிகாமத்தில் இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. செம்மண் ஒழுங்கை இரவில் கறுப்பாகிவிடும். முருகைக்கல் பரவிய ஒழுங்கை நட்சத்திர வெளிச்சத்திலேயே சாம்பல் நாடா போலக் கிடக்கும். விளக்கில்லாமல் சைக்கிளில் போகிறவர் றோட்டின் நடுவை நேரே முறைத்துப் பார்க்கக்கூடாது. விழித்திரையின் நடுக்குழியில் கோல் கலங்களே இல்லை. கொஞ்சம் விலகிப் பார்த்தால்தான் குழி தெரியும்.

தானே முடிவெடுக்கும் கார்

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜில் விளக்குக்கு ஓர் ஆளி. எரிவதும் அணைவதும் அதோடு சரி. கதவுத் தூணில் ஒரு சிறு பொத்தான், கதவு சாத்தினால் அமுங்கி உள்விளக்கை அணைக்கும். அவ்வளவுதான் முழுச் சுற்றும்.

காருக்குக் கண் வைக்கும் ஆசை பழையது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1952இலேயே டாஷ்போர்டின் மேல் ஒளிக்குழாய் ஒன்றை நிறுத்தி, எதிரே வரும் வாகனத்தைக் கண்டு உயர் கற்றையைத் தாழ்த்தும் காரை விற்றது. பகலிலும் விளக்கு எரியவேண்டும் என்ற யோசனை இருண்ட குளிர்காலங்களைக் கொண்ட நாடுகளிலிருந்து வந்தது. சுவீடன் 1977இல் அதைச் சட்டமாக்கியது; கனடா 1989 டிசெம்பருக்குப் பிறகு வந்த புதிய வாகனங்களுக்கு விதித்தது; ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1இலிருந்து புதிய மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின் ஓடும்வரை முன்விளக்கும் எரியும். அணைக்கும் ஆளியையே எடுத்துவிட்டார்கள். சாலைப் பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடுதான். விளக்கைப் போட மறந்து மாலை மங்கலில் ஓட்டுபவரைப் பார்த்தவர்கள் இதை எதிர்க்கமாட்டார்கள்.

எமக்கு முக்கியமானது ஜப்பான். யாழ்ப்பாணத்தில் ஓடும் அக்வா, பிரியஸ், வகன்ஆர், விட்ஸ் எல்லாம் அங்கே ஓடிவிட்டோ, அங்கே ஓடவேண்டிய விதிப்படி செய்யப்பட்டோ வந்தவை. ஜப்பான் 2020 ஏப்ரலில் புதிய மாதிரிகளுக்கும், 2021 ஒக்டோபரில் ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த மாதிரிகளுக்கும் தன்னியக்க முன்விளக்கைக் கட்டாயமாக்கியது. சுற்றுப்புற ஒளி 1,000 லக்ஸுக்குக் கீழே போனால் 2 விநாடிக்குள் எரியவேண்டும். 7,000 லக்ஸைத் தாண்டினால்தான், அதுவும் 5 முதல் 300 விநாடி பொறுத்து, அணையலாம். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில் இவ்வளவு இடைவெளி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே எல்லை என்றால், புளியமர நிழல்கள் வரிசையாக வரும் வீதியில் விளக்கு மின்னிமின்னி எரியும். ஓடும்போது ஓட்டுநர் அணைக்க வழி கிடையாது. நின்றால் மட்டும் அணைக்கலாம்.

இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் அந்தச் சட்டத்துக்கு முந்தைய கார்களும் பிந்தைய கார்களும் இங்கே ஒரு வெட்டுக்கோடு போலப் பிரிந்து நிற்கின்றன. முந்தையவற்றில் ஸ்ரியறிங் தண்டில் ‘ஓஃப்’ என்ற நிலை உண்மையாகவே ஓஃப். பிந்தையவற்றில் அது ஒரு வேண்டுகோள். நின்றிருக்கும்போது கார் கேட்கும், நகரத் தொடங்கியதும் மறந்துவிடும். 2000ஆம் ஆண்டில் இப்படி ஒரு கார் சென்றியை நெருங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மண்மூட்டைக்குப் பின்னால் நிற்பவருக்கு யோக்கோஹாமாவின் போக்குவரத்து விதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இன்று விளக்கை அணைக்கக் கேட்பவர்கள் வேறு ஆட்கள். அச்சுவேலிக் கராச் ஒன்றில், தொலைநோக்கியோடு வான் பார்க்கப் போகும் ஓர் இளைஞர் வந்து நின்றதைப் பார்த்தேன்.

“அண்ணை, இதின்ர லைற் ஒண்டும் எரியாமல் பண்ணேலுமோ? கதவைத் திறந்தாலே எல்லாம் பத்துது.”

“டாஷ்போட்டில இருக்கிற சென்சருக்குக் கறுப்பு ரேப் ஒட்டிப் பாத்தனீரோ?”

“ஓம் அண்ணை. ஒட்டினாப் பிறகு பகலிலையும் எரியுது.”

“பின்னை? கண்ணைக் கட்டிவிட்டா அதுக்கு ராத்திரிதானே, தம்பி.”

விசயம் அதுதான். முன்கண்ணாடிக்கு அடியில் கறுப்புக் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும் உணரிக்குள் சிலிக்கன் ஒளிடயோட்டு ஒன்று இருக்கிறது. விழும் ஒளிக்கு ஏற்ப மின்னோட்டம் தரும். ஒளி குறைந்தால் ஓட்டம் குறையும். உடற்பகுதிக் கணினி அதைப் பார்த்து ‘இரவு’ என்று முடிவெடுக்கும். உணரியை மூடுவது காருக்கு இருட்டைக் காட்டுவது. நாம் விரும்புவது அதற்கு எதிரானது, இருட்டில் காருக்குப் பகலைக் காட்டுவது. அதற்கு உணரியின்மேல் விளக்குப் பிடிக்கவேண்டும், பிறகு விளக்கை அணைத்து என்ன பயன்?

அடுத்து எல்லாருக்கும் தோன்றுவது உருகியைக் கழற்றுவது. மெக்கானிக் அதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் சொன்னது சரி. உள்விளக்கின் உருகி பல மாதிரிகளில் கதவுப் பூட்டுக்கும் கடிகாரத்துக்கும் கணினியின் நினைவுக்கும் சேர்த்தே மின் கொடுக்கும். வெளிவிளக்குகளின் உருகியைக் கழற்றிவிட்டு மறந்துபோய் றோட்டில் இறங்கினால், 1939 செப்டெம்பர் கணக்கில் நீங்களும் சேரலாம்.

நடைமுறை வழி மிகச் சாதாரணமானது. கூரை விளக்கின் ஆளிக்கு மூன்று நிலை: எப்போதும், கதவோடு, இல்லை. மூன்றாவதில் வைத்தால் கூரை அணையும். ஆனால் காலடி விளக்கு, கண்ணாடிக்கு மேல் இருக்கும் ஒப்பனை விளக்கு, பின்கதவு விளக்கு எல்லாம் வேறு சுற்றுகள். இவற்றை ஒரே அடியாக ஏமாற்ற ஒரு வழி உண்டு. இப்போதைய கார்களில் கதவு திறந்திருப்பதைச் சொல்லும் நுண்ணாளி தூணில் இல்லை, கதவின் பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டிலுள்ள கொளுவியை ஒரு ஸ்குரூ டிரைவரால் இரண்டு ‘கிளிக்’ கேட்கும்வரை தள்ளினால், கார் தன் கதவு சாத்தியிருக்கிறது என்று நம்பிவிடும். உள்விளக்கு மெல்ல மங்கி அணையும். அந்த மங்கல் அழகுக்காகச் செய்தது: கணினி விளக்கை விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை போட்டு அணைத்து, எரியும் பங்கை மட்டும் குறைத்துக்கொண்டு போகிறது.

முன்விளக்குக்குச் சட்டத்துக்கு முந்தைய கார் என்றால் ஓஃப். பகல் விளக்கு உள்ள பல மாதிரிகளில், கைப்பிரேக்கை இழுத்து வைத்துவிட்டு எஞ்சினை எழுப்பினால் அது எரியாது. சாவியிலுள்ள பொத்தானை அமுக்கிக் கதவைத் திறந்தால் நான்கு பக்கமும் செம்மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகத் தகட்டை இழுத்துத் துவாரத்தில் போட்டுத் திறந்தால் பல கார்களில் சிமிட்டாது. ஸ்மார்ட் சாவி உள்ள சில கார்கள், சாவி பையில் இருக்கும் ஆள் கிட்ட வந்தாலே வரவேற்பு விளக்குப் போடும். சாவியைத் தூர வைத்துவிட்டு வேலை செய்யவேண்டியதுதான்.

பற்றரியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 45 அம்பியர் மணிப் பற்றரியில் 5 வாட் உள்விளக்கு மட்டும் எரிந்தால் ஏட்டுக் கணக்குக்கு நூறு மணி நேரம் தாங்கும். எஞ்சினை எழுப்பும் தென்பு அதற்கு வெகு முன்னரே போய்விடும். இரண்டு முன்விளக்கும் பின்விளக்கும் சேர்ந்து 10 அம்பியர் இழுத்தால் நான்கைந்து மணி நேரம். அக்வா, பிரியஸ்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அடியிலுள்ள பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், கணினியை விழிக்கவைக்கும் சிறிய 12 வோல்ட் பற்றரி இறங்கிவிட்டால் கார் அசையாது. பற்றரி பழையதென்றால், மறந்துவிட்ட ஒரு பின்கதவு விளக்கே அதைச் செய்துவிடும்.

எதற்காக இவ்வளவு பாடு

அந்த இளைஞர் போக நினைத்த இடம், புத்தூருக்குக் கிழக்கே வாதரவத்தைப் பக்கத்து வெட்டவெளி. அச்சுவேலிக்கு வடக்கே, 2015இல் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து ஒரு பகுதி விடுபட்ட வளலாய்க் கரை இன்னும் இருட்டு. ஆனால் அங்கே கடல் வடக்கில் இருக்கிறது. அவருக்கு வேண்டியதோ தெற்கு. அச்சுவேலியின் அகலாங்கு 9.8 பாகை. வடதுருவ நட்சத்திரம் அடிவானத்துக்குப் பத்துப் பாகை மேலேதான் நிற்கும், பனைவட்டுக்கள் மறைத்துவிடும். அதற்கு ஈடாகத் தெற்கு வானத்தில் ஐரோப்பியர் கப்பலேறிப் போய்ப் பார்க்கவேண்டிய பலதும் எமக்கு வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்குத் தென்சிலுவை 20 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து ஒமேகா சென்டோரி 33 பாகை உயரத்துக்கு வரும். பல மில்லியன் சூரியன்கள் அடைந்த கோளக் கொத்து அது. பழகிய கண்ணுக்கு வெறும் பார்வையிலேயே பஞ்சுப் பொட்டாகத் தெரியும், பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அந்தப் பஞ்சுப் பொட்டுக்காகத்தான் கொளுவியைத் தள்ளுவதும் சாவியைத் தூர வைப்பதும். குறிப்புப் புத்தகம் பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் ரோர்ச்சுக்குச் சிவப்புத் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டினால் போதும். பக்கத்தில் இன்னொரு வாகனம் வந்து நிற்குமானால் அதன் ஓட்டுநருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். ஒருவரின் தன்னியக்க விளக்கு பத்துப் பேரின் அரைமணி நேரத்தை அழித்துவிடும்.

புறப்படும்போது ஒரு வேலை மறக்கக்கூடாது. ஸ்குரூ டிரைவரால் தள்ளிய கொளுவியை, கதவின் கைப்பிடியை இழுத்து முதலில் விடுவிக்கவேண்டும். அப்படியே சாத்தினால் கொளுவி தூணிலுள்ள இரும்பு வளையத்தில் மோதும், கதவு பூட்டாது, பூட்டும் வளையும். பிறகு உள்விளக்கை ‘கதவோடு’ என்ற நிலைக்கும், ஸ்ரியறிங் தண்டை ‘ஓட்டோ’வுக்கும் திருப்பிவிட்டு, ஒருவரை இறக்கிப் பின்விளக்கு இரண்டும் எரிகின்றனவா என்று பார்க்கச் சொல்லவேண்டும். வாதரவத்தையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் இடத்தில் பருத்தித்துறை பஸ் வேகமாக வரும்.